கடனை அடைத்துவிட்டால் அத்தான் மீண்டுவிடுவாரா?

குற்றாலச்சாரல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பல நாள் தயங்கிய பிறகே இந்த இழையைத் தொடங்குகிறேன். என் அக்காவின் கணவர் அரசு உதவிபெறும் பள்ளியொன்றில் ஆசிரியர், வயது 41. மது, புகை எதுவும் கிடையாது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் கைப்பேசியில் ரம்மி ஆடத் தொடங்கியவர், அடுத்த ஆண்டே 1,80,000 ரூபாய் கடனோடு எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். என் தந்தை அதை அடைத்தார். அத்தான் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். 2023இல் நான்கு லட்சம் ஆயிற்று. அக்காவின் வளையல்களும் ஆரமும் போயின. இப்போது 14 லட்சம் என்கிறார்.

சென்ற வாரம் நானும் அக்காவும் அடுக்களைத் தரையில் அமர்ந்து, அவருடைய வங்கிக் கணக்கின் ஓராண்டுப் பட்டியலை அச்சிட்டு, சூதாட்டத்திற்குச் சென்றதாகத் தோன்றிய ஒவ்வொரு வரியையும் மஞ்சள் நிறப் பேனாவால் கோடிட்டோம். இரவு 1.12க்கு 500, 1.19க்கு 500, 1.31க்கு 1,000, 2.05க்கு 3,000 என்று வரிகள் ஓடின. நான்காம் பக்கத்தில் பேனாவில் மை தீர்ந்துவிட்டது. அக்கா எதுவும் பேசாமல் எழுந்து போய் மகளின் பென்சில் பெட்டியிலிருந்து வேறொரு பேனாவை எடுத்து வந்தாள்.

எங்களைக் குழப்புவது ஒன்று உண்டு. 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் தடைச் சட்டம் வந்து, பெரிய செயலிகளெல்லாம் பணம் வைத்து ஆடுவதை நிறுத்தியபோது, இனி வேலையில்லை என்று நிம்மதியாக இருந்தோம். ஆனால் பட்டியலில் வரிகள் நிற்கவில்லை. முன்பு நிறுவனத்தின் பெயருக்குப் போன பணம், அதன் பிறகு யார் யாரோ தனி மனிதர்களின் பெயருக்குப் போயிருக்கிறது. ஒரே பெயர் இரண்டு நாளைக்கு மேல் வருவதில்லை.

தந்தை நாற்பது சென்ட் நஞ்சையை விற்று மொத்தக் கடனையும் அடைத்துவிடலாம் என்கிறார். முன்பணம் தரவும் ஆள் வந்துவிட்டார். விற்பதா, வேண்டாமா என்று சொல்லுங்கள்.

வயற்காடு எழுதியது:

தம்பி, கோபித்துக்கொள்ள வேண்டாம். படித்த மனிதர், பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர், இவ்வளவும் தெரிந்தே செய்கிறார். இதற்கு நோய் என்று பெயர் சூட்டினால் அவருக்கு அது வசதியாகிவிடும். கைப்பேசியைப் பிடுங்கி, பட்டன் போன் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். மனக்கட்டுப்பாடு இருந்தால் ஒரு மாதத்தில் சரியாகிவிடும். எங்கள் ஊரில் வெட்டுச் சீட்டில் தோட்டத்தைத் தோற்றவர்கள் உண்டு. அவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவர் யாருமில்லை.

விட்டதைப்பிடிக்காதவன் எழுதியது:

வயற்காடு அண்ணாச்சி, தோட்டத்தைத் தோற்ற அந்த மனிதர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பதையும் சொல்லியிருக்கலாம்.

குற்றாலச்சாரல் தம்பி, நான் ஆடி விட்டவன். 19 மாதங்களாக ஆடவில்லை. உங்கள் அத்தானைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் என் கடனை என் மாமனார் அடைத்த அந்த நாள் எனக்கு மணி நிமிடத்தோடு நினைவிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

அன்று மாலை அழுதேன், அவர் காலில் விழுந்தேன். அது நடிப்பில்லை. இனி ஆட மாட்டேன் என்பதை முழுமையாக நம்பினேன். மறுநாள் காலையில் கிரெடிட் கார்டு நிறுவனத்திலிருந்து குறுஞ்செய்தி வந்தது: பாக்கி தீர்ந்தது, உங்கள் முழு வரம்பும் மீண்டும் பயன்பாட்டில் உள்ளது. கடன் கொடுத்த செயலியோ, ஒழுங்காக அடைத்தவர் என்று பாராட்டி இரண்டு மடங்கு தர முன்வந்தது. என் மாமனார் மூடியது ஒரு குழியை. எனக்குத் திறந்தது ஒரு புதிய பெட்டி. பதினோராம் நாள் ஆடினேன். அப்போது என் மனத்தில் ஓடிய கணக்கைக் கேட்டால் சிரிப்பீர்கள்: மாமனாரின் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே, அதற்காகத்தான் ஆடுகிறேன் என்று நினைத்தேன். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற அந்த எண்ணம் ஆசையின் உருவத்தில் வருவதில்லை, பொறுப்பின் உருவத்தில் வருகிறது. அதனால்தான் படித்தவனும் பொறுப்பானவனும் அதில் எளிதாக மாட்டிக்கொள்கிறான்.

பட்டன் போன் யோசனையைப் பற்றியும் சொல்கிறேன். என்னிடமும் கொடுத்தார்கள். நான் செங்கோட்டையைத் தாண்டிப் போய்க் கேரள லாட்டரிச் சீட்டு வாங்கினேன். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் லாட்டரிக்குத் தடை. மலைக்கு அந்தப் பக்கம் அரசாங்கமே 1967 முதல் நடத்துகிறது. அது அலுத்தபோது, அந்தக் குலுக்கலின் கடைசி மூன்று எண்களை வைத்து இந்தப் பக்கம் திருட்டுத்தனமாக நடக்கும் மூணு நம்பர் ஆட்டத்துக்குப் போனேன். கருவி மாறியது, நான் மாறவில்லை. கைப்பேசியைப் பிடுங்குவது பயனற்றது என்று சொல்லவில்லை. அதை மட்டும் செய்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள் என்கிறேன்.

நிலத்தை விற்காதீர்கள். இந்த மாதமாவது விற்காதீர்கள்.

மருத்துவமனை_வராந்தா எழுதியது:

மனநலத் துறையில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். இங்கே எழுதுவது பொதுவான தகவல். நேரில் பார்க்கும் மருத்துவரின் கருத்துக்கு இது ஈடாகாது.

நோயா, ஒழுக்கக்கேடா என்ற கேள்வி புதியதன்று. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் ஐந்தாம் பதிப்புக் கையேட்டை 2013இல் வெளியிட்டபோது, அதுவரை உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறுகளோடு வைத்திருந்த சூதாட்டத்தை, மது, போதைப்பொருள் அடிமைத்தனங்கள் உள்ள அத்தியாயத்திற்கே மாற்றியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 11ஆம் நோய் வகைப்பாட்டிலும் சூதாட்டக் கோளாறு தனி நோயாக இடம்பெற்றுள்ளது. அமெரிக்கக் கையேட்டில் ஒன்பது அறிகுறிகள் தரப்பட்டுள்ளன. ஓராண்டுக்குள் அவற்றில் குறைந்தது நான்கு இருந்தால் கோளாறு என்று கொள்வார்கள். விட்டதைப் பிடிக்கத் திரும்பிப் போவது, ஆட்டத்தை மறைக்கப் பொய் சொல்வது, அதே கிளர்ச்சியைப் பெறத் தொகையைக் கூட்டிக்கொண்டே போவது, பணமுடையைத் தீர்க்கப் பிறரை நம்பியிருப்பது ஆகியவை அவற்றுள் சில. இழையின் முதல் பதிவிலேயே நான்கையும் பார்க்கிறேன்.

வயற்காடு ஐயாவுக்கு ஒரு சொல். நோய் என்பதால் அவர் பொறுப்பு நீங்கிவிடாது. சர்க்கரை நோயாளி தான் உண்பதற்குப் பொறுப்பானவர்தான். அதற்காக அவருக்கு மருந்து கொடுக்காமல் விடுவதில்லை.

சிகிச்சை என்றால் மாத்திரை என்றே நம் மக்கள் நினைக்கிறார்கள். சூதாட்டத்திற்கென்று தனியாக அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை. மதுப் பழக்கத்திற்குத் தரும் நால்ட்ரெக்சோனைச் சிலருக்கு மருத்துவர்கள் தருவதுண்டு. மையமான சிகிச்சை பேச்சுவழியில் நடப்பது. எந்த நேரத்தில், எந்த மனநிலையில், கையில் எவ்வளவு பணம் இருக்கும்போது ஆடத் தோன்றுகிறது என்பதைக் குறிப்பேட்டில் எழுத வைத்து, அந்தச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக அறுப்பார்கள். ‘இத்தனை முறை தோற்றுவிட்டேன், அடுத்தது எனக்குத்தான்’ என்ற நம்பிக்கையையும், ஒரே ஒரு சீட்டில் தவறிய ஆட்டத்தை வெற்றிக்கு அருகில் வந்ததாக எண்ணும் மயக்கத்தையும் எடுத்துக்காட்டி உடைப்பார்கள். உடன் மனச்சோர்வோ இருமுனைக் கோளாறோ இருந்தால் அதற்கு மருந்து தேவைப்படும். பார்க்கின்சன் நோய்க்குத் தரும் சில மருந்துகள் முன்பு சீட்டையே தொடாதவரையும் சூதாட வைக்கும் என்பதால், அவர் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எங்கே போவது என்று கேட்பீர்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள், கட்டணம் இல்லை. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் இணைய, கைப்பேசி அடிமைத்தனத்திற்கென்று 2014 முதல் தனிப் பிரிவே இயங்குகிறது. போவதற்கு முன் பேச வேண்டுமானால் மத்திய அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டின் மருத்துவ உதவி எண் 104 ஆகியவற்றில் தமிழிலேயே பேசலாம். வீட்டில் உள்ளவர்களும் அழைக்கலாம். அவர் வர மறுத்தாலும் அக்கா மட்டும் போய் ஆலோசனை பெறலாம்.

கடைசியாக ஒன்று, இது அவசரமானது. முழுத் தொகையும் வெளியே தெரியவரும் நாள்கள்தான் ஆபத்தானவை. ‘உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா’ என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

குற்றாலச்சாரல் எழுதியது:

இன்று மாலையே கேட்கிறேன். நன்றி.

பேரேடு எழுதியது:

வங்கிப் பணியில் 22 ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் கணக்கு வழக்கை மட்டும் பேசுகிறேன்.

14 லட்சம் என்று அவர் சொன்னால் அதை இறுதித் தொகை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சூதாடுகிறவர் முதலில் சொல்லும் தொகை, குடும்பம் தாங்கும் என்று அவர் கருதும் தொகை. கடன் தகவல் நிறுவனங்கள் நான்கும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நான்கையும் அவரையே அருகில் உட்கார்த்தி எடுக்கச் சொல்லுங்கள். அறிக்கையில் வராதவை இருக்கும்: சக ஆசிரியர்களிடம் வாங்கிய கைமாற்று, முன்கூட்டியே தள்ளி எடுத்த ஏலச்சீட்டு, மீட்டர் வட்டிக்காரர், பக்கத்து வீட்டு அம்மாளிடம் வாங்கி அடகு வைத்த சங்கிலி. அந்தச் சங்கிலிதான் பெரும்பாலும் கடைசியில் வெளியே வரும்.

பட்டியல் முழுமையான பிறகு, சம்பளம் வரும் கணக்கை அக்காவும் சேர்ந்து கையெழுத்திட வேண்டிய கூட்டுக் கணக்காக மாற்ற முடியுமா என்று பாருங்கள். கார்டுகளின் பாக்கியை அடைப்பதோடு நிறுத்தாமல், கணக்கையே மூடிவிட்டதாக எழுத்தில் வாங்குங்கள். விட்டதைப்பிடிக்காதவன் சொன்ன குறுஞ்செய்தி வருவது அங்கேதான். யுபிஐ அவருடைய எண்ணில் இயங்க வேண்டாம். தினச் செலவுக்குக் கையில் ரொக்கம் கொடுங்கள். கேட்க அவமானமாக இருக்கும், ஆனால் தாமாகவே இதற்கு ஒப்புக்கொண்டவர்கள் பின்னாளில் நன்றி சொன்னதைப் பார்த்திருக்கிறேன்.

வங்கிக் கடன்களுக்குக் கிளை மேலாளரைப் பார்த்துத் தவணைக் காலத்தை நீட்டிக் கேட்கலாம். நகைக்கடன் ஏலத்துக்குப் போகும் நிலையில் இருந்தால் அதை முதலில் கவனியுங்கள். மற்றவற்றை அவருடைய சம்பளத்திலிருந்தே, ஐந்தாண்டானாலும் ஏழாண்டானாலும், அவரே அடைக்கட்டும். மாதந்தோறும் அந்தத் தவணை கழிவதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

வக்காலத்து எழுதியது:

சட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாடு 2022இல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தை இயற்றி 2023 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்பதால் அவற்றைத் தடைப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது. பிறகு 2025 பிப்ரவரியில் மாநிலத்தின் இணைய விளையாட்டு ஆணையம் நள்ளிரவு முதல் அதிகாலை ஐந்து மணி வரை பணம் வைத்து ஆடக்கூடாது என்று விதித்தது; அந்த விதியை ஜூன் மாதம் நீதிமன்றம் உறுதி செய்தது. முதல் பதிவில் உள்ள 1.12, 1.31, 2.05 ஆகிய நேரங்களைப் பார்க்கும்போது, அந்த ஐந்து மணி நேரத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது விளங்கும். ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்ற வாதத்தையே ஒதுக்கிவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் அனைத்தையும் தடை செய்தது. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. அந்தச் சட்டத்தில் ஆடியவருக்குத் தண்டனை இல்லை. எனவே காவல் துறைக்கு அஞ்சி மறைக்க வேண்டியதில்லை என்று அத்தானிடம் சொல்லுங்கள். தனி மனிதர்களின் பெயரில் பணம் வாங்கும் தளங்களைப் பற்றி 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

வசூல் முகவர் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஏழு மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. கடன் செயலி கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்களை எடுப்பதற்கும் ரிசர்வ் வங்கியின் தடை உண்டு. மீட்டர் வட்டிக்கு 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. பந்தயத்தில் தோற்ற தொகையை வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது என்பது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு. வங்கியில் வாங்கிய கடனுக்கு அதைக் காட்ட முடியாது. அதைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

தேக்காவாசி எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே 2010இல் இரண்டு சூதாட்டக்கூடங்களைத் திறப்பதற்கு ஐந்தாண்டு முன்பே, சூதாட்டப் பிரச்சினைக்கென்று தேசிய மன்றம் ஒன்றை அமைத்துவிட்டார்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே நுழைய ஒரு நாளுக்கு 100 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், கட்ட வேண்டியிருந்தது. 2019 முதல் அது 150 வெள்ளி. நான் சொல்ல வந்தது அதுவன்று. மனைவியோ பெற்றோரோ உடன்பிறந்தோரோ மன்றத்திடம் விண்ணப்பித்து, ஒருவரை உள்ளே விடாதபடி விலக்கு ஆணை பெற முடியும். திவாலானவர்களுக்கு யாரும் கேட்காமலேயே தடை விழும். என் சித்தப்பாவுக்குச் சித்தி அப்படி வாங்கினார். அவர் ஓராண்டு சித்தியிடம் பேசவில்லை. பிறகு ஒரு தீபாவளியன்று, வாசலில் தடுத்து நிறுத்தியபோது உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது என்று அவரே சொன்னார்.

சட்டப்படி இயங்கும் கூடத்திற்குத்தான் இப்படி ஆணை போட முடியும். நாளுக்கொரு பெயரில் பணம் வாங்கும் தளத்தின் வாசலில் யாரை நிறுத்துவது? அதனால் உங்கள் ஊரில் அந்தக் காவல்காரர் வேலையை வீட்டிலிருப்பவர்களே செய்ய வேண்டியிருக்கிறது. அது பெரும் சுமை என்பதை மறுக்கவில்லை.

மகளிர்குழு எழுதியது:

எல்லோரும் அத்தானைப் பற்றியே எழுதிவிட்டீர்கள். நான் அந்த அக்காவின் இடத்தில் இருந்தவள்.

என் பெயரில் குழுக் கடன் எடுத்துக் கொடுத்தேன். அவர் கேட்ட முறை அப்படி. தவணை நாளில் பதினொரு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்க, நான் மட்டும் வெறுங்கையோடு போனேன். ஒருத்தியும் திட்டவில்லை. குழுத் தலைவி தன் சுருக்குப்பையிலிருந்து எண்ணி வைத்தார். அன்று மாலை என் வீட்டுக்கு வந்து, ‘இனி உன் கையெழுத்தை யாருக்கும் கொடுக்காதே, அவர் கேட்டால் குழு விடாது என்று எங்கள் மேல் பழியைப் போடு’ என்றார். எனக்குக் கிடைத்த முதல் ஆலோசனை அதுதான். மருத்துவர் பிறகுதான் வந்தார்.

தம்பி, அக்காவிடம் ‘நீ கவனித்திருக்கலாமே’ என்று உங்கள் வீட்டில் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் பெயரில் இருப்பவற்றை, சேமிப்பு, நகை, ஆதார் நகல், கைப்பேசிக்கு வரும் ஓடிபி வரை, தனியாகப் பிரித்து வையுங்கள். பிள்ளைக்கு விஷயம் தெரியாது என்று நினைக்க வேண்டாம். பென்சில் பெட்டியில் மஞ்சள் பேனா காணாமல் போனதை அவள் கவனித்திருப்பாள். அவள் வயதுக்கேற்ற அளவில் ஒருவர் சொல்லிவிடுவது நல்லது.

வயற்காடு எழுதியது:

இந்தப் பதிவைப் படித்தேன். பட்டன் போன் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெறவில்லை. மற்றதைத் திரும்பப் பெறுகிறேன். தோட்டத்தைத் தோற்றவர் என் பெரியப்பா. அவர் மகன்கள் இன்னும் ஊருக்கு வருவதில்லை.

குற்றாலச்சாரல் எழுதியது:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலை அத்தானிடம் நேராகக் கேட்டேன். சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘இரண்டு முறை தோன்றியது’ என்றார். அன்றிரவு நான் அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். காலையில் அரசு மருத்துவமனைக்குப் போனோம். அந்த மருத்துவர் முதலில் இரண்டே கேள்விகள் கேட்டார். மேலும் மேலும் அதிகப் பணம் வைத்து ஆட வேண்டும் என்று தோன்றியதுண்டா? எவ்வளவு ஆடினீர்கள் என்பதில் உங்களுக்கு வேண்டியவர்களிடம் பொய் சொன்னதுண்டா? முதல் கேள்விக்கு ஆம் என்றவர், இரண்டாவதற்கு அக்காவைத் திரும்பிப் பார்த்தார். மனச்சோர்வுக்கு மருந்து தொடங்கியிருக்கிறார்கள். வாரம் ஒருமுறை ஆலோசனைக்குப் போகிறார்.

பேரேடு ஐயா சொன்னது அப்படியே நடந்தது. 14 லட்சம் என்றது 17,60,000 ஆக முடிந்தது. கடைசியாக வந்தது பக்கத்து வீட்டுச் சங்கிலிதான், அதை மட்டும் நாங்கள் உடனே மீட்டுக் கொடுத்துவிட்டோம். மற்றவற்றுக்குச் சம்பளத்திலிருந்து மாதம் 22,000 போகும்படி வகுத்திருக்கிறோம். கார்டுகள் இரண்டும் மூடப்பட்டன. மூன்றாவது ஒன்று இருப்பது கடன் அறிக்கையில்தான் தெரிந்தது.

சென்ற புதன்கிழமை ஒருமுறை ஆடிவிட்டார். சக ஆசிரியர் ஒருவரின் கைப்பேசியில், 700 ரூபாய். அவரே வந்து அக்காவிடம் சொன்னார். அக்கா அதைக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னாள், எழுதினார்.

நிலம் விற்பனைக்கு முன்பணம் தர வந்தவரிடம் இப்போதைக்கு இல்லை என்று தந்தை சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மகளின் கடன் நிற்கும்போது வயலில் நாற்று நடுவது தமக்கு எப்படியோ இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாராம். நேற்று நடவு முடிந்தது. அத்தானும் வந்திருந்தார்; கைப்பேசி இல்லாமல், வரப்பில் உட்கார்ந்து, நாற்றுக் கட்டுகளை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

விட்டதைப்பிடிக்காதவன் எழுதியது:

700 ரூபாயை அவரே வந்து சொன்னார் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், தம்பி. நான் அந்த இடத்துக்கு வர ஏழு மாதம் ஆயிற்று. அவருக்கு விருப்பமிருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்பச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் நாங்கள் மூன்று பேர் தொலைபேசியில் பேசிக்கொள்கிறோம், நான்காவது ஆளுக்கு இடமிருக்கிறது.